கீரையும் பயறும் முதலில் யாருக்கு?

மத்தியானம் மணி இரண்டு. அடுப்படியில் ஒரு பெண் தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறாள்.

கணவன் சாப்பிட்டாகிவிட்டது. மாமனாரும் மாமியாரும் சாப்பிட்டாகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். இனி அவள் முறை.

காலையில் செய்த கொண்டைக்கடலைச் சுண்டல் தீர்ந்துவிட்டது. கீரைப் பொரியல் சட்டியில் ஒட்டியிருப்பதுதான் மிச்சம். சாம்பார்ப் பாத்திரத்தில் பருப்பு இல்லை, தண்ணீர் இருக்கிறது. சோறு மட்டும் நிறைய இருக்கிறது.

அவள் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைகிறாள். தொட்டுக்கொள்ள ஊறுகாய்.

"நீ என்ன அம்மா சாப்பிடுகிறாய்?" என்று மகள் வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"எனக்கு இது போதும், கண்ணு!"

தமிழ்நாட்டில் இந்தப் பதிலைக் கேட்காத வீடு இருக்காது. இதைத் தியாகம் என்கிறார்கள். தாய்மையின் பெருமை என்கிறார்கள்.

பெருமையாக இருக்கலாம். ஆனால் இந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அவளுடைய ரத்தம் கொடுக்கிறது. அவள் வயிற்றில் வளரும் பிள்ளையும் சில சமயம் கொடுக்கிறது.

பெயரில்தான் "போலி"

உணவில் ஒரு சத்து இருக்கிறது. அதற்குப் "போலேட்" என்று பெயர். மாத்திரையாகச் செய்யும்போது "போலிக் அமிலம்" என்பார்கள். வைட்டமின் "பி" குடும்பத்தைச் சேர்ந்தது.

பெயரில் "போலி" இருக்கிறதே தவிர, இது போலிச் சத்து அல்ல. லத்தீன் மொழியில் "போலியம்" என்றால் இலை. இலையில் கண்டெடுத்த சத்து என்பதால் அந்தப் பெயர் வந்தது. தமிழில் "இலைச் சத்து" என்று சொன்னாலும் தவறு இல்லை.

மனித உடம்பில் ஒவ்வொரு நாளும் பழைய அணுக்கள் அழிகின்றன. புதிய அணுக்கள் பிறக்கின்றன. புதிய அணு பிறக்க வேண்டுமானால் இந்தச் சத்து வேண்டும். இது இல்லாவிட்டால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சரியாக முற்றுவதில்லை. எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்து, அரைகுறையாக வெளிவருகின்றன.

விளைவு? உடம்பு வெளுக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எந்த வேலையும் ஓடுவதில்லை.

ரத்தசோகைக்கு இரும்புச் சத்துக் குறைவுதான் பெரிய காரணம். ஆனால் அது ஒன்றே காரணம் அல்ல. இலைச் சத்துக் குறைவும் ஒரு காரணம். பல பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

பாதிக்கு மேல்! ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்திக்கு இருக்கலாம் என்று அர்த்தம்.

பம்பாயில் வெளுத்த முகங்கள்

இந்தச் சத்து கண்டுபிடிக்கப்பட்ட கதை, ஏழைப் பெண்களின் தட்டில்தான் தொடங்கியது.

1928-ம் ஆண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு (இன்றைய மும்பை) வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் ஒருவகைக் கடுமையான ரத்தசோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை.

ஏதாவது கிருமி இருக்குமோ என்று பார்த்தார். இல்லை.

பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். அங்கேதான் விடை கிடைத்தது. நல்ல சாப்பாடு கிடைத்த வசதியான பெண்களை இந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. ஏழைப் பெண்களைத்தான் வாட்டியது.

அந்த ஏழைப் பெண்களின் சாப்பாட்டைப் போலவே எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்தம் வற்றியது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்ததும் அது தடைப்பட்டது. மாவைப் பொங்கி எழச் செய்யும் நுண்ணுயிர்தான் ஈஸ்ட். அதிலிருந்து எடுக்கப்படும் "மார்மைட்" என்ற மலிவான கறுப்புப் பசையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே அவர்கள் ரத்தம் ஊறித் தேறத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் 1929-ல் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். 1931-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை.

மார்மைட்டில் இருந்த அந்த மாயப் பொருள் என்ன என்று அவருக்கு அப்போது தெரியாது. ஆனால் அது சாப்பாட்டில் இருக்கிறது, ஏழைப் பெண்ணின் சாப்பாட்டில் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

4 டன் கீரை

பத்து ஆண்டுகள் கழித்து, 1941-ல், அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பாலக் கீரையை மலைபோலக் குவித்தார்கள். மொத்தம் 4 டன்! அவ்வளவையும் கசக்கிப் பிழிந்து, ஒரு துளியூண்டு சத்தைப் பிரித்து எடுத்தார்கள். அவர்கள்தான் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த கட்டத்தில் வருகிறவர், சென்னையில் படித்த ஒருவர்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அவருடைய சகோதரர்கள் இருவரை "ஸ்புரூ" என்ற குடல் நோய் கொண்டுபோயிற்று. அதே நோய் அவரையும் படுக்கையில் தள்ளியது. பிழைத்து எழுந்தார்.

1923-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பின்னர் லெடர்லி மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். அவருடைய தலைமையில் இருந்த குழு, 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாக உதவியது.

1948-ல் சுப்பாராவ் காலமானார். அவர் கடைசிவரை தாயகம் திரும்பவே இல்லை. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் அவருடைய உழைப்பும் அடங்கியிருக்கிறது.

அந்த 28 நாட்கள்

ரத்தசோகையோடு கதை முடிந்துவிடவில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

தாயின் வயிற்றில் கரு உருவானதும், குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையாக ஒரு சிறு குழாய் உண்டாகிறது. முதலில் அது திறந்திருக்கும். கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவோடு பிறக்கும். கால் நடக்க வராமல் போகலாம். மூளையே சரியாக வளராமல் போனால் குழந்தை பிழைப்பதில்லை.

28 நாட்கள் என்றால் என்ன கணக்கு? நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்கள் அப்போது டாக்டரிடம் போயிருக்கவே மாட்டார்கள். சிலருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அதற்குள் அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றிருக்கும்.

1991-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. 7 நாடுகளில் 33 இடங்களில் அது நடந்தது. முன்பு இப்படிக் குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் கொடுத்தார்கள். அந்தக் குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது!

1998 முதல் அமெரிக்காவில் கோதுமை மாவிலேயே இதைக் கலக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பெண்கள் மறந்தாலும் ரொட்டி மறக்காது அல்லவா!

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் குறைக்குச் சத்துக் குறைவு ஒரு காரணம்தான். வேறு காரணங்களும் உண்டு. எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்ட தாய்க்கும் இப்படிப் பிறப்பது உண்டு. ஆகவே குறையோடு ஒரு குழந்தை பிறந்தால், "இவள் ராசி!" என்று மருமகளைப் பழிப்பது அறியாமை மட்டும் அல்ல, கொடுமை. அவள் தட்டில் என்ன விழுந்தது என்று முன்பே பார்க்காத வீட்டுக்கு, பிறகு அவளைப் பழிக்க என்ன உரிமை?

எதில் எவ்வளவு?

இந்தச் சத்தை "மைக்ரோகிராம்" என்ற மிகச் சிறிய அளவால் அளக்கிறார்கள். பத்து லட்சம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 220 மைக்ரோகிராம் வேண்டும். கர்ப்பிணிக்கு 570 வேண்டும். அதாவது இரண்டரை மடங்கு!

இனி சாப்பாட்டைப் பார்க்கலாம்.

வேகவைத்த தட்டைப்பயறு 100 கிராமில், அதாவது ஒரு சிறு கிண்ணத்தில், சுமார் 200 மைக்ரோகிராம் இருக்கிறது. கொண்டைக்கடலையில் சுமார் 170. பச்சைப்பயறில் சுமார் 160.

பச்சையாக உள்ள பாலக் கீரை 100 கிராமில் 140 முதல் 190 வரை இருக்கிறது. தண்டுக்கீரையில் அதில் ஏறக்குறைய பாதி. முருங்கைக்கீரை என்றதும் எல்லாச் சத்தும் அதில் கொட்டிக் கிடப்பதாக நினைப்பார்கள். இந்தச் சத்து அதில் சுமார் 40தான். ஆனால் மற்றச் சத்துகள் அதில் ஏராளம். ஆகவே ஒரே கீரையைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிச் சமைப்பதே நல்லது.

பச்சை பீட்ரூட்டில் சுமார் 100. வெண்டைக்காயில் சுமார் 60. ஒரு முட்டையில் சுமார் 25. ஒரு ஆரஞ்சுப் பழத்தில் சுமார் 40. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் சுமார் 30.

ஆட்டு ஈரலில் 200-க்கு மேல் இருக்கிறது. ஆனால் அதில் வைட்டமின் "ஏ" மிகமிக அதிகம். அது அளவு மீறினால் கருவுக்கு ஆகாது. எனவே கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஈரலை அடிக்கடி சாப்பிடக் கூடாது.

சரி, சோற்றில் எவ்வளவு? 100 கிராம் சோற்றில் வெறும் 3!

தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாலும் 10 மைக்ரோகிராம் தேறுவது கடினம். அடுப்படியில் கடைசியாக உட்கார்ந்து ரசமும் சோறும் பிசைந்து சாப்பிட்ட அந்தப் பெண்ணின் வயிறு நிரம்பிவிட்டது. சத்து மட்டும் சேரவில்லை.

ஒரு கிண்ணம் பயறும் ஒரு கரண்டிக் கீரையும் அவள் தட்டில் விழுந்திருந்தால், அன்றைய தேவை ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். மாட மாளிகை கட்டும் செலவா அது?

சாக்கடைக்குப் போகும் சத்து

வாங்கி வந்தால் மட்டும் போதாது. சமைக்கும் முறையும் முக்கியம்.

இந்தச் சத்து தண்ணீரில் கரையும். அதிக வெப்பத்தில் அழியும். கீரையை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், ஏறக்குறைய பாதிச் சத்து சாக்கடைக்குப் போய்விடும். ஆவியில் வேகவைத்தால் இழப்பு மிகக் குறைவு.

இதில் பாட்டிமார்களைப் பாராட்ட வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கீரையை வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்தே மத்தால் கடைந்தார்கள். பயறு வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வைத்தார்கள். விஞ்ஞானம் படிக்காமலே செய்த சரியான காரியம் அது!

பயறை ஊறவைத்து முளைகட்டினால் இந்தச் சத்து கூடுகிறது. மாவு புளிக்கும்போதும் சில நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. நறுக்கிவிட்டுக் கழுவுவதைவிட, கழுவிவிட்டு நறுக்குவது நல்லது. சமைத்ததைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் இருப்பதும் நல்லது.

மாத்திரை எங்கே போகிறது?

"கீரையும் பயறும் சாப்பிடுகிறேன். மாத்திரை எதற்கு?" என்று கேட்கும் பெண்களும் உண்டு.

சாதாரண நாட்களில் சாப்பாடே போதும். கர்ப்ப காலத்தில் 570 மைக்ரோகிராமைச் சாப்பாட்டால் மட்டும் தினமும் எட்டுவது சுலபம் அல்ல. மசக்கையில் சோற்றைக் கண்டாலே குமட்டும்போது கீரை எங்கே இறங்கும்? தவிர, சாப்பாட்டில் உள்ளதைவிட மாத்திரையில் உள்ள சத்தை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்கிறது.

இந்திய அரசு 1970-லேயே ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் போலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். நாலாம் மாதத்திலிருந்து இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைத் தினம் ஒன்றாக 180 நாட்களுக்குக் கொடுக்கிறார்கள். பள்ளி மாணவிகளுக்கு வாரம் ஒரு மாத்திரை. எல்லாம் இலவசம்.

ஆனால் வாங்கிய மாத்திரை எல்லாம் வயிற்றுக்குப் போகிறதா? இல்லை. சில வீடுகளில் அலமாரியின் மூலையில் கிடக்கிறது. சில வீடுகளில் குப்பைக்குப் போகிறது.

"குமட்டுகிறது" என்கிறார்கள். "மலம் கறுப்பாகப் போகிறது" என்று பயப்படுகிறார்கள். "பிள்ளை கறுத்துப் பிறக்கும்" என்று யாராவது கிளப்பிவிடுகிறார்கள்.

மலம் கறுப்பது இரும்பினால். அதனால் கெடுதல் இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். காப்பி, தேநீரோடு மட்டும் சேர்க்கக் கூடாது. அவை இரும்பைத் தடுத்துவிடும்.

28 நாள் கணக்கை நினைத்துப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். கர்ப்பம் தெரிந்த பிறகு மாத்திரையைத் தேடுவது, மழை பெய்தபின் கூரை வேய்வது போல. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, ஒரு மாதம் முன்பிருந்தாவது, தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவர்களின் யோசனை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே, மணப்பெண் ஒரு தரம் டாக்டரைப் பார்த்துவிடலாம். நகைக்கும் புடவைக்கும் ஆகும் செலவில் இது தூசு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அதிக வீரிய மாத்திரைகளைத் தானாகக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது. வைட்டமின் "பி-12" குறைவு இருந்தால், போலிக் அமிலம் அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். முன்பு குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் தேவையான அளவு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"நாங்கள் பெறவில்லையா?"

இவ்வளவும் சொன்னால் வீட்டில் ஒரு குரல் எழும். "நாங்கள் மாத்திரையா சாப்பிட்டோம்? எட்டுப் பிள்ளை பெறவில்லையா?"

பெற்றார்கள். உண்மைதான். ஆனால் அந்த எட்டில் எத்தனை தங்கின? பிரசவத்தில் கண் மூடிய பெண்கள் எத்தனை பேர்? பிழைத்தவர்கள் பேசுகிறார்கள். போனவர்கள் வந்து பேசுவதில்லை. பம்பாயில் வெளுத்துப்போய்ச் செத்த கர்ப்பிணிகளும் யாரோ ஒருவருடைய மருமகள்தான்.

ஏழ்மைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஏழ்மை ஒரு காரணம்தான். ஆனால் ஒரு வீட்டில் அரைக் கிலோ பயறு வாங்கினால், அது யார் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்பதை ஏழ்மை தீர்மானிப்பதில்லை. வழக்கம் தீர்மானிக்கிறது. அரைக் கிலோவை அஞ்சு பேருக்குப் பங்கு போடும் கை, ஆறாவது தட்டையும் நினைக்க வேண்டும்.

இதைப் பெண் தானாகச் செய்துகொள்ள மாட்டாள். செய்தால் "தின்னி" என்ற பெயர் வரும் என்று பயப்படுவாள். கணவன்தான் சொல்ல வேண்டும். மாமியார்தான் எடுத்து வைக்க வேண்டும்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பரிமாறும்போதே வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கிண்ணத்தில் பயறும் கீரையும் தனியாக எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். அதைவிட நல்லது, அவளும் எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. மிச்சம் இருந்தால் அவளுக்கு என்ற வழக்கம் அன்றோடு ஒழியும்.

எட்டிப் பார்த்த அந்த மகளும் நாளை ஒரு வீட்டுக்குப் போவாள். அம்மா கடைசியில் ரசச் சோறு சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தால், அவளும் அப்படித்தான் சாப்பிடுவாள். அம்மாவின் தட்டில் பயறும் கீரையும் இருந்ததைப் பார்த்து வளர்ந்தால், அதையே தன் வீட்டிலும் செய்வாள்.

"எனக்கு இது போதும்" என்று அம்மா சொன்னால், இனி வீட்டில் உள்ளவர்கள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான்.

"போதாது!"